மீனுக்கு முன்னால் குடியேற வேண்டியவர்கள்

சென்னையில் வண்ணமீன் என்றதும் பெரும்பாலோர் சொல்லும் பெயர் கொளத்தூர். பிள்ளைகளின் தொணதொணப்பு தாங்காமல் விடுமுறை நாளில் அங்கே போகும் குடும்பம் ஒரே நடையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. கண்ணாடித் தொட்டி, வண்ணக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, ஏர் பம்ப், தீவன டப்பா, காற்றடைத்துக் கட்டிய பைகளில் நாலு தங்கமீன், ஆறு மோலி. போதாததற்கு, ‘தொட்டியைச் சுத்தமா வச்சிக்கும்’ என்று கடைக்காரர் சேர்த்துவிட்ட ஒரு சக்கர் மீன். அன்று இரவே தொட்டி நிரம்பி, விளக்கும் எரிகிறது. டி.வி.யை மறந்து வீடே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்த வாரக் கடைசிக்குள் பாதித் தொட்டி காலி.

ஏன் செத்தது என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருக்கும். பாட்டிக்குத் திருஷ்டி, அப்பாவுக்கு மட்டமான மீன், பிள்ளைகளுக்கு, பட்டினி போட்ட அம்மா. கடைக்காரரைக் கேட்டால், ‘தண்ணி சேரல சார்’ என்பார். இவர்களில் உண்மைக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். ஆனால் குற்றம் குழாயில் வந்த தண்ணீரின் மீது இல்லை. மீனைக் கொன்ற பொருளை உண்டாக்கியது மீனே. அதற்கு நிறம் கிடையாது, அந்த அளவில் வாடையும் கிடையாது. அதை அப்புறப்படுத்தும் உயிர்கள் அந்தத் தொட்டியில் இன்னும் பெருகவில்லை. கண்ணாடியும் கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் தொட்டி ஆகிவிடும். அதில் மீன் வாழ வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் முதலில் குடியேற வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.

செவுள் வழியே வெளியேறும் நஞ்சு

நாம் சாப்பிடும் புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. உடல் அதைச் செரித்து எரிக்கும்போது அம்மோனியா மிஞ்சுகிறது. அது ரத்தத்தில் தங்கினால் மூளை தாங்காது. அதனால் நம் கல்லீரல் ஆற்றலைச் செலவழித்து அதை யூரியாவாக மாற்றி, சிறுநீரில் அனுப்புகிறது. நன்னீரில் வாழும் பெரும்பாலான மீன்களுக்கு அந்தச் செலவே இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அம்மோனியாவை அப்படியே, அதிலும் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே, வெளியே விட்டுவிடுகின்றன. ஏரியில் அது நொடியில் கலந்து நீர்த்துப்போகும்; பாசியும் செடியும் உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியில் அது போக இடமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் கொள்ளும். கல் போட்டு, மேலே இடம் விட்டால் சுமார் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். 40 சதவீதம் புரதமுள்ள மீன் தீவனம் ஒரு கிராம் போடுகிறோம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக, அந்த ஒரு கிராமில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் பாதியை மீன் அம்மோனியாவாக வெளியேற்றினாலும், லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் சேர்ந்துவிடும். தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீவனத்திலிருந்து வருவது தனி. இது ஒரே நாள் கணக்கு. மறுநாளும் அதே ஒரு கிராம் விழும்.

எல்லா அம்மோனியாவும் ஒரே மாதிரி நஞ்சல்ல என்பதுதான் இதில் நுட்பமான இடம். தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் செவுளின் தோலை எளிதில் கடக்காது. மின்னூட்டம் இல்லாத அம்மோனியா சட்டென்று உள்ளே போய்விடும். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைத் தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் நஞ்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். அதே பி.எச். 8இல் வெப்பம் 30 டிகிரிக்குப் போனால் 7 சதவீதத்துக்கும் மேல். சென்னையில் போர் தண்ணீர் பி.எச். 8ஐ ஒட்டி இருப்பது அபூர்வமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவதும் அப்படியே. மேலே கண்ட 0.7 மில்லிகிராமில் நஞ்சு வடிவம் மட்டும் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். செவுளை மெல்ல அரிப்பதற்கு அந்த அளவு போதும். ஒரே மீனை ஒரே அளவு தீவனத்தோடு ஊட்டியில் வளர்ப்பவரும் சென்னையில் வளர்ப்பவரும் வேறு வேறு முடிவைக் காண்பதில் வியப்பில்லை.

பாதிக்கப்பட்ட மீனை அருகில் பார்த்தால் தெரியும். செவுள் மூடியின் ஓரம் வழக்கத்தைவிடச் சிவந்திருக்கும். மூடி வேகமாகத் துடிக்கும். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். பிறகுதான் மேலே வந்து வாய் திறக்கும். ‘காத்து பத்தல’ என்று இன்னொரு ஏர் பம்ப் வாங்கி வருகிறோம். காற்று தண்ணீரில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளும் செவுள்தான் வெந்துபோயிருக்கிறது.

20 நாள் ஒன்றும் நடக்கவில்லை

இந்த அம்மோனியாவை இயற்கையில் யார் அகற்றுகிறார்கள் என்பதை முதலில் காட்டியவர்கள் மீன் வளர்ப்பவர்கள் அல்லர். சாக்கடை நீரை ஆராய்ந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். சாக்கடையும் எருவும் மண்ணில் கலந்தால் அதிலுள்ள அம்மோனியா நாளடைவில் நைட்ரேட்டாக மாறுகிறது என்பது 19ஆம் நூற்றாண்டில் தெரிந்த செய்தி. வெடியுப்புக்காக அதை நம்பியே பலர் தொழில் செய்தார்கள். அது மண்ணில் நடக்கும் வெறும் வேதிவினை என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள்.

1877இல் தெயோஃபில் ஷ்லோசிங், அஷீல் முன்ட்ஸ் இருவரும் நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். ஏறத்தாழ 20 நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. சீக்கிரமே அம்மோனியா முழுக்க மறைந்தது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். 20 நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? எதுவோ அந்த மணலில் பிறந்து பெருகிக்கொண்டிருந்திருக்கிறது. சந்தேகத்தைத் தீர்க்கக் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. குளோரோஃபார்மை வெளியேற்றி, தோட்டத்து மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் சில நாளில் மறுபடி தொடங்கியது. வேலையைச் செய்தவை உயிர்கள் என்பது அதோடு உறுதியானது.

இன்று தொட்டியில் நாம் பொருத்தும் ஃபில்டர் அந்தக் குழாயின் நேர் வாரிசு. ஸ்பாஞ்சின் வேலை குப்பையை வடிப்பது என்று நினைக்கிறோம். அதன் முக்கிய வேலை, நுண்ணுயிர்கள் ஒட்டி வாழப் பரப்பு தருவதும் அவற்றின் மீது ஆக்சிஜனுள்ள நீர் ஓடிக்கொண்டே இருக்கச் செய்வதும்.

அந்த உயிர்களைப் பிடித்துத் தனியே வளர்ப்பது பெரும்பாடாக இருந்தது. அக்காலத்தில் பாக்டீரியாவை ஜெலட்டின் தட்டில் வளர்ப்பார்கள். இவை அதில் வளரவே மறுத்தன. 1890ஐ ஒட்டி, சூரிக்கில் இருந்த ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி வழக்கத்துக்கு நேர்மாறாக யோசித்தார்: இவற்றுக்கு உணவே போடாவிட்டால் என்ன? உயிர்ப்பொருள் எதுவுமில்லாத, அம்மோனிய உப்பும் தாதுக்களும் மட்டும் கரைந்த நீரில் அவை வளர்ந்தன. செடிகள் வெயிலைக் கொண்டு கரியமில வாயுவை உடலாக்குகின்றன. இவை இருட்டில், அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து வரும் ஆற்றலைக் கொண்டு அதே காரியத்தைச் செய்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கி நிறுத்திக்கொள்ளும். இன்னொரு வகை நைட்ரைட்டை வாங்கி நைட்ரேட் ஆக்கும்.

மீன்தொட்டிக்குள் அந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்று நெடுங்காலம் புத்தகங்கள் எழுதின. 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நன்னீர்த் தொட்டிகளின் மரபுப்பொருளை ஆராய்ந்தபோது அங்கே இருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம். 2015இல் இன்னொரு திருப்பம். இரண்டு கட்டத்தையும் ஒரே உயிர் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அவை கிடைத்த இடம், மீன் வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டர்.

இரண்டு அலை

இந்த உயிர்கள் காற்றிலும் தூசியிலும் செடியின் வேரிலும் ஒட்டி எப்படியும் தொட்டிக்கு வந்துவிடும். வருவது சொற்பம், பெருகுவது மிக மெதுவாக. நம் குடலில் வாழும் ஈ-கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அம்மோனியாவை எரிப்பதில் கிடைக்கும் ஆற்றல் அற்பம். அதைக் கொண்டு உடலை அடியிலிருந்து கட்ட வேண்டும். அதனால் இவை இரட்டிக்க நல்ல சூழலிலும் அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல் ஆகும்.

புதுத் தொட்டியில் நடப்பது இரண்டு அலை. முதல் வாரத்தில் அம்மோனியா ஏறுகிறது. பத்துப் பதினைந்து நாளில் முதல் வகை பாக்டீரியா பெருகி அதை இறக்குகிறது. ‘பிழைத்தோம்’ என்று நினைக்கும்போது, அவை உண்டாக்கிய நைட்ரைட் ஏறத் தொடங்கும். அதைத் தின்னும் வகை இன்னும் மெதுவாக வளரும். நாலு முதல் ஆறு வாரத்தில் நைட்ரைட்டும் இறங்கி, பெரும்பாலான மீன்களை எளிதில் பாதிக்காத நைட்ரேட் மட்டும் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். அதைச் செடிகள் உறிஞ்சும். மீதியை வாராவாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றி வெளியேற்றலாம். முதல் வாரத்தில் தப்பித்த மீன் மூன்றாம் வாரத்தில் சாவது இந்த இரண்டாம் அலையில்தான்.

நைட்ரைட் கொல்லும் விதமே வேறு. நன்னீர் மீனின் உடலில் உப்பு எப்போதும் தண்ணீருக்குக் கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்ட, செவுளிலுள்ள சிறப்புச் செல்கள் தண்ணீரிலிருந்து குளோரைடை இழுத்துக்கொள்ளும். நைட்ரைட் அதே வழியில் நுழைந்துவிடுகிறது. ரத்தத்தில் சேர்ந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ரத்தம் சிவப்பு மாறிப் பழுப்பாகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். மீன் மூச்சுத்திணறிச் சாகும்.

மீன் பண்ணைக்காரர்களும் பழைய கடைக்காரர்களும் தளர்ந்த மீனுக்குக் கொஞ்சம் கல்லுப்பு போடச் சொல்வதன் ஒரு நியாயம் இங்கே இருக்கிறது. தண்ணீரில் குளோரைடு மிகுந்தால், செவுளின் அந்தச் செல்களில் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பது குறையும். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான உப்பே இதற்குப் போதும். உப்பு நைட்ரைட்டை அகற்றாது. பாக்டீரியா பெருகும்வரை மீனைத் தாக்குப்பிடிக்க வைக்கும். அம்மோனியாவுக்கு எதிராக இந்த வழி உதவாது.

மீனில்லாத மாதம்

ஆகவே செய்ய வேண்டியது எளிது. பிள்ளைகளிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினம். தொட்டியை இந்த மாதம் வாங்குங்கள். மீனை அடுத்த மாதம்.

தொட்டியைக் கழுவி, கல் போட்டு, தண்ணீர் நிரப்புங்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் கெடுக்கும், நாம் வரவழைக்கப் போகும் பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அவசரமென்றால் கடையில் ஆன்ட்டி-குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்து. அதிலுள்ள சோடியம் தயோசல்ஃபேட் குளோரினை உடனே தீங்கற்ற உப்பாக்கிவிடும். ஃபில்டரை ஓடவிடுங்கள். இனி நிறுத்தக் கூடாது.

வெறும் தண்ணீரில் பாக்டீரியா பட்டினி கிடக்கும். அதற்கு அம்மோனியா வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டால் அது அழுகி அம்மோனியா தரும். துல்லியமாகச் செய்ய நினைப்பவர்கள் தூய அம்மோனியம் குளோரைடு வாங்கலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரம் இதே உப்புதான். ஆனால் கடைச் சரக்கின் தூய்மையை நம்ப முடியாது, ஆய்வகத் தரத்தில் வாங்குவது நல்லது. நம் 45 லிட்டர் தொட்டிக்கு 0.3 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் வரும்.

காத்திருப்பைச் சுருக்க ஒரே ஒரு நல்ல வழி உண்டு. பாலில் உறைமோர் ஊற்றுகிற அதே காரியம்தான்: மாதக்கணக்கில் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். வாரங்கள் நாட்களாகக் குறையும். அவர் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதால் ஆள் பார்த்து வாங்க வேண்டும். பாட்டிலில் அடைத்த பாக்டீரியாவும் கிடைக்கிறது. சரியான இனம் உயிரோடு இருந்தால் பலன் உண்டு. வேர் விட்ட நிஜச் செடிகள் எந்த நிலையிலும் உதவும். அவை அம்மோனியாவை நேரடியாகவே உணவாக்கிக்கொள்ளும். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் தண்ணீரை மாற்றாமலே தங்கமீன் வளர்த்துக் காட்டியபோது தொட்டியில் வாலிஸ்நேரியா செடியும் நத்தைகளும் இருந்தன.

எப்போது தயார்? தண்ணீரின் தெளிவு இதைச் சொல்லாது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைக் கிட் விற்கிறார்கள். அம்மோனியாவை 2 மில்லிகிராமுக்கு ஏற்றிவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் நிறம் காட்டினால் தொட்டி தயார். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

பையைத் திறக்கும் நேரம்

கடையிலிருந்து வீடுவரை பையில் இருக்கும் மீனுக்கும் ஒரு வேதியியல் நடந்துகொண்டிருக்கிறது. மூடிய பையில் மீன் அம்மோனியாவும் விடுகிறது, கரியமில வாயுவும் விடுகிறது. கரியமில வாயு நீரைச் சற்றே அமிலமாக்குவதால் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவிலேயே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், சேர்ந்திருந்த அம்மோனியா நஞ்சு வடிவுக்கு மாறும். மணிக்கணக்காகப் பையில் பயணம் செய்த மீனுக்கு இது பெரிய ஆபத்து. எனவே பையைக் கட்டியபடியே 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்த பிறகு வெகுநேரம் ஊறவைக்க வேண்டாம். தொட்டி நீரைக் கொஞ்சம் பையில் கலந்து, சில நிமிடத்தில் மீனை வலையில் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டியானால் புது மீனைத் தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைப்பது அவசியம். வெள்ளைப்புள்ளி நோய் இதற்கு உதாரணம். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் புகுந்து வளரும்போதுதான் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி தெரியும். முற்றியதும் உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து அடுத்த மீனைத் தேடும். தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. நீந்தித் தேடும் கட்டத்தில்தான் தொடும். புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று மருந்தை நிறுத்துவது அதனால்தான் தவறு. நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். இரண்டு மூன்று வாரத் தனிமையில் நோய் இருந்தால் வெளிப்பட்டுவிடும்.

முதல் முறை இரண்டு மூன்று சிறு மீன் போதும். பாக்டீரியாவின் எண்ணிக்கை கிடைக்கும் அம்மோனியாவுக்கு ஏற்ப நிற்கும். மீன் ஒரே நாளில் இரட்டித்தால் அவை ஒரே நாளில் இரட்டித்துச் சமாளிக்க முடியாது. எந்த மீன் என்பதும் முக்கியம். தங்கமீன் சிறு கிண்ணத்துக்கானது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம் வரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும், அதற்கேற்ப அம்மோனியாவும் விடும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை வளர்ப்பதை ரோம் நகராட்சி 2005இல் தடை செய்தது. ஃபைட்டர் மீனை ஊறுகாய் பாட்டிலில் விற்பதற்குக் காரணம், அதன் தலைக்குள் இருக்கும் ஓர் உறுப்பு. மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்க அது உதவுகிறது. ஆக்சிஜன் குறைவை அது தாங்கும். அம்மோனியாவுக்கு அந்த உறுப்பு பதில் சொல்லாது. அதற்கும் ஃபில்டருள்ள பத்துப் பதினைந்து லிட்டர் தேவை. சக்கர் மீன் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் என்பதும் கட்டுக்கதை. பாசியைச் சுரண்டித் தின்னும். தானும் கழிவு விடும். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்துவிட்டதே என்று ஏரியில் கொண்டுபோய் விடுவது பெரிய தீங்கு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் தமிழகத்து நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. எலும்புத் தகடு போர்த்த அதைத் தின்ன இங்கே அதிக எதிரிகள் இல்லை. வேண்டாமென்றால் கடைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

சுத்தம் என்ற பெயரில்

ஓடும் தொட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் அக்கறைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லை வெந்நீரில் அலசி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவிவிட்டால், ஒரு மாதம் வளர்த்த கூட்டம் அரை மணியில் போய்விடும். தொட்டி முதல் நாளுக்குத் திரும்பும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தும் பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் இந்தப் பாக்டீரியாவையும் பாதிக்கும்; வைத்தியம் தனித் தொட்டியில் நடக்கட்டும்.

மின்வெட்டு இன்னொரு சோதனை. அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க இவற்றுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் 7.6. கோடையில் மணிக்கணக்காக மோட்டார் நின்றால் ஃபில்டருக்குள் இருக்கும் உயிர்கள்தான் முதலில் திணறும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். அன்றைக்குத் தீவனத்தையும் நிறுத்திவிடலாம். ஆரோக்கியமான மீன் ஒருநாள் பட்டினியில் சாகாது. தீவனப் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் மட்டும் விடுவதும் நல்லது. போகிற வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் அது அம்மோனியாக் கணக்கில்தான் ஏறும்.

மீனில்லாத மாதத்தைப் பிள்ளைகள் எப்படிக் கழிப்பார்கள் என்ற கேள்விக்கு விடை அந்தச் சோதனைக் கிட்டிலேயே இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, எண்ணைக் கட்டம் போட்ட நோட்டில் புள்ளியாக வைக்கட்டும். கிட்டிலுள்ள மருந்து கையில் படாமல் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும். அம்மோனியாக் கோடு ஏறி இறங்கும். அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் கிளம்பும். ஒன்றுமே நடக்காததாகத் தோன்றும் முதல் வாரங்கள் அந்தக் கோட்டில் தெளிவாகத் தெரியும். ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்தது அந்தத் தாமதத்திலிருந்துதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அதைக் கொண்டு அதே முடிவுக்கு வரலாம்.